போன முறை திட்டம் மாறிவிட்டது. இந்த முறை ஐரோப்பிய விசா கிடைக்குமா?

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் படித்து, சென்னையில் வேலை பார்த்து, அங்கிருந்து ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் போய்ச் சேருவது இன்று சாதாரணம். அங்கே காலூன்றியதும் அப்பா அம்மாவை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்ட ஆசைப்படுகிறார்கள். முதல் முறை விசா எடுக்கும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். குழப்பம் பெரும்பாலும் இரண்டாவது முறைதான் வருகிறது. முதல் விசா கையில் வந்தும் போக முடியாமல் போயிருக்கும். அல்லது போன இடத்தில் சொன்ன ஊர் ஒன்று, தங்கிய ஊர் வேறு என்று ஆகியிருக்கும். "அதையெல்லாம் எழுதினா விசா தர மாட்டாங்களாமே?" என்று பயந்து, பழைய கதையை மூடிவைத்துப் புது விண்ணப்பம் போடுகிறார்கள். அந்த மூடிவைப்புதான் ஆபத்து.

பயணத் திட்டம் மாறியது குற்றம் இல்லை. விசா அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: போன முறை நீங்கள் சொன்னதும் பிறகு நடந்ததும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு நம்பும்படியான காரணம் இருக்கிறதா? காரணத்தை நீங்களே முன்வந்து சொல்லி, அதற்கு ஒரு காகிதத்தையும் வைத்துவிட்டால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால் அவர்களாகவே ஒரு காரணத்தை ஊகிப்பார்கள். அந்த ஊகம் உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

விளக்கம் எளிதாக இருக்க ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆர்.கே.பேட்டையில் எட்டு விசைத்தறி, ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம். மகனுக்கு மியூனிக்கில் வேலை. 2024-இல் இரண்டு மாதம் அவருடன் தங்குவதற்கு ஜெர்மன் விசா வாங்கினார்கள். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை, பயணம் நின்றுபோனது. அதற்குப் பிறகு மகன் ஆம்ஸ்டர்டாமில் வேறு வேலைக்கு மாறிவிட்டார். இப்போது நெதர்லாந்துக்குப் போக வேண்டும், நடுவில் பாரிஸையும் பார்க்க வேண்டும். பழைய விசா ஒரு நாட்டுடையது, புதிய விண்ணப்பம் வேறு நாட்டுக்கு. இதைவிடச் சாதாரணமான மாற்றம் இருக்க முடியாது. ஆனாலும் விளக்கம் இல்லாமல் வெறும் படிவமாகப் பார்த்தால், ஜெர்மன் விசா வாங்கிப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு இப்போது இன்னொரு நாட்டின் கதவைத் தட்டுகிறார்கள் என்றுதான் தெரியும்.

விசா அதிகாரிக்கு என்ன தெரியும்?

1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் போட்ட ஒப்பந்தத்தில் தொடங்கியது, ஒரே விசாவில் பல நாடு போகும் இந்த ஷெங்கன் ஏற்பாடு. இன்று 29 நாடுகள் இதில் இருக்கின்றன. கடைசியாக முழு உறுப்பினரானவை பல்கேரியாவும் ருமேனியாவும். 2025 ஜனவரி முதல் அவற்றின் தரை எல்லைகளும் திறந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஷெங்கனுக்குள் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் வெளியே. அவற்றுக்குத் தனி விசா வேண்டும்.

29 நாட்டுக்கும் ஒரே விசா என்பது போலவே, 29 நாட்டுக்கும் ஒரே விசா தகவல் தொகுப்பும் இருக்கிறது. இந்தியாவில் 2015 நவம்பர் 2 முதல் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை எடுக்கிறார்கள். அன்றிலிருந்து இங்கே தரப்படும் விண்ணப்பங்கள் இந்தத் தொகுப்பில் ஏறுகின்றன. விசா கிடைத்தது மட்டும் அல்ல. மறுக்கப்பட்டது, ரத்தானது எல்லாமே பதிவாகும். எந்த நாட்டுக்குப் போவதாகச் சொன்னீர்கள், எத்தனை நாள், எதற்காக, எந்த எல்லையில் முதலில் நுழைவதாகச் சொன்னீர்கள், உங்களை அழைத்தவர் யார், உங்கள் தொழில் என்ன என்பனவும் அதில் உண்டு. இந்தப் பதிவு ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும். ஆகவே நம் தம்பதியின் 2024 ஜெர்மன் விண்ணப்பத்தை நெதர்லாந்து அதிகாரி தன் திரையில் பார்ப்பார். அழைத்தவர் மியூனிக்கில் இருந்த மகன் என்பதும் அதில் இருக்கும். "பழைய விசாவைப் பத்தி நாம எதுவும் சொல்ல வேணாம்ணே, கேட்டா பாத்துக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், தெரிந்த ஒன்றை மறைக்கச் சொல்கிறார் என்று பொருள்.

தொழில் பற்றிய பதிவை நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். இங்கே ஒரே ஆள் விவசாயியாகவும் தறி உரிமையாளராகவும் இருப்பார். போன முறை உதவி செய்தவர் 'விவசாயம்' என்று எழுதியிருப்பார். இந்த முறை வேறொருவர் 'ஜவுளித் தொழில்' என்று போடுவார். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அது முரண்பாடு. போன விண்ணப்பத்தின் நகல் இருந்தால் எடுத்துப் பார்த்து, இரண்டு தொழிலும் உண்டு என்று ஒரு வரி சேருங்கள்.

விசாவோடு உண்மையில் போனீர்களா, எப்போது திரும்பினீர்கள் என்பதை முன்பு பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைதான் காட்டியது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக வந்துவிட்டது. முகமும் கைரேகையும் பதிந்து, நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் ஏறும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினியே கண்டுபிடிக்கும். ஆனால் ஷெங்கனுக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ரயிலில் போனதை எந்த முத்திரையும் காட்டாது. அங்கே நீங்கள் எந்த ஊரில் எத்தனை இரவு இருந்தீர்கள் என்பதற்கு ஓட்டல் ரசீதும் ரயில் டிக்கெட்டும்தான் சாட்சி. பயணம் முடிந்ததும் அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு பழைய பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். புது பாஸ்போர்ட் எடுத்தாலும் பழையதைக் கூடவே கொண்டுபோக வேண்டும்.

எந்த மாற்றம் சின்னது, எது பெரியது?

முதலில் விசா ஒட்டியைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் தனித்தனி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒன்று. அதற்குள் மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. எத்தனை முறை நுழையலாம் என்பது மூன்றாவது. வழக்கமாகத் தேதி இடைவெளி தங்கும் நாட்களைவிட 15 நாள் கூடுதலாக இருக்கும். திட்டம் சற்று முன்பின் ஆனால் சமாளிப்பதற்கென்றே விதியில் வைத்த சலுகை அது. எனவே புறப்படும் நாளை நான்கு நாள் தள்ளிப்போட்டது, திரும்பும் விமானத்தை மாற்றியது எல்லாம், நாள் கணக்கு மீறாதவரை, விளக்கம்கூடத் தேவைப்படாத மாற்றங்கள்.

விமானம் எந்த ஊரில் இறங்கியது என்பதும் அப்படியே. ஜெர்மன் விசாவோடு பாரிஸில் இறங்கலாம். விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் கால் வைக்க வேண்டும் என்று விதி இல்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு மலிவான டிக்கெட்டை விட்டவர்கள் உண்டு. எல்லையில் கேட்டால், எங்கே போகிறீர்கள் என்பதைக் காட்ட ஓட்டல் பதிவோ அழைப்புக் கடிதமோ கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விசா வாங்கியும் போகாமல் விட்டது அடுத்த நிலை. அது உங்கள் பெயருக்கு இழுக்கு இல்லை. நோய், மரணம், தறிக்கூடத்தில் விபத்து, மகளுக்குத் திடீரென்று நிச்சயமான கல்யாணம் என்று வாழ்க்கையில் எது வேண்டுமானாலும் குறுக்கே வரலாம். உலகமும் குறுக்கே வரும். 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்களே நின்றன. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதில், தோஹா வழியாக ஐரோப்பா போகவிருந்தவர்களின் திட்டமெல்லாம் கலைந்தது. இவற்றையெல்லாம் விசா அதிகாரிகளும் அறிவார்கள். பயன்படுத்தாத விசாவால் வரும் ஒரே நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஆணையம் ஒரு சலுகை அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசா பெற்று அவற்றை முறையாகப் பயன்படுத்தியவருக்கு அடுத்து இரண்டு ஆண்டுக்குப் பலமுறை நுழையும் விசா; அதன்பின், பாஸ்போர்ட்டில் காலம் மீதம் இருந்தால், பொதுவாக ஐந்தாண்டு விசா. பயன்படுத்தாமல் விட்டது இந்தக் கணக்கில் சேராது. 

உண்மையிலேயே பெரிய மாற்றம் என்பது முக்கிய நாடு மாறுவதுதான். எந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரே நாடு என்றால் அந்த நாட்டில். பல நாடு என்றால் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ, அல்லது பயணத்தின் முதன்மை நோக்கம் எங்கே இருக்கிறதோ, அந்த நாட்டில். அப்படியும் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் முதலில் நுழையும் நாட்டில். பாரிஸில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தில் மூன்று, ரோமில் மூன்று என்றால் பிரான்ஸ். அதையே சுவிஸில் ஐந்து, பாரிஸில் மூன்று என்று மாற்றினால் சுவிஸ். மூன்று இடத்திலும் சமமாக மூன்று மூன்று இரவு என்றால் விமானம் முதலில் இறங்கும் நாடு.

'இந்த நாட்டில் விசா சுலபமாகக் கிடைக்கும், அதில் வாங்கிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்' என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். ஒரு நாட்டிடம் பத்து நாள் வருகிறேன் என்று சொல்லி விசா வாங்கி, அந்த நாட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் வேறு நாட்டில் பத்து நாளும் இருந்துவிட்டு வருவது, பொய் சொல்லி விசா வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். எல்லையில் அது வெளிப்பட்டால் அங்கேயே விசாவை ரத்து செய்ய அதிகாரம் இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்தில் அந்த ரத்து எல்லா நாட்டுக்கும் தெரியும். திருத்தணியில் அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கப் புறப்படுகிற பெற்றோர் இப்படியொரு வலையில் விழ வேண்டிய காரணமே இல்லை.

விசா கைக்கு வந்த பிறகு, புறப்படுவதற்கு முன்பே முக்கிய நாடு மாறிவிட்டால்? ஒருமுறை நுழையும் விசாவாக இருந்தால், விசா கொடுத்த தூதரகத்துக்கு மின்னஞ்சலில் நிலைமையை எழுதுங்கள். பழைய விசாவை நீங்களாகவே திரும்பக் கொடுத்து ரத்து செய்யச் சொல்லவும் விதியில் வழி உண்டு. பிறகு புதிய முக்கிய நாட்டில் விண்ணப்பிக்கலாம். செலவு இரட்டிப்பாகும் என்பது கசப்புதான். ஆனாலும் பதிவு சுத்தமாக இருக்கும். பலமுறை நுழையும் விசாவாக இருந்தால் நிலைமை எளிது. முதல் பயணம் விசா கொடுத்த நாட்டை மையமாகக் கொண்டு முடிந்திருந்தால், அடுத்தடுத்த பயணங்கள் வேறு ஷெங்கன் நாட்டுக்காக இருக்கலாம்.

பயணத்தின் நடுவே மாறுவது இன்னொரு வகை. ரயில் வேலைநிறுத்தம், காய்ச்சல், உறவினர் வீட்டில் துக்கம் என்று ஏதோ ஒன்றால் பாரிஸில் தங்க வேண்டிய ஐந்து நாள் கொலோனில் கழிந்திருக்கும். இதற்கு அங்கேயே ஆதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரயில் நிறுவனத்தின் ரத்து அறிவிப்பு, மருந்துச் சீட்டு, ஓட்டல் ரத்தான மின்னஞ்சல். ஊருக்கு வந்தபின் தேடினால் பாதி கிடைக்காது.

ஒரு பக்கக் கடிதம்

புதிய விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்புக் கடிதத்தில்தான் பழைய மாற்றத்தைச் சொல்ல வேண்டும். அதற்கென்று படிவத்தில் தனி இடம் கிடையாது. முன்பு கைரேகை கொடுத்திருக்கிறீர்களா, எப்போது, பழைய விசா எண் என்ன என்று மட்டும் படிவம் கேட்கும். அதைச் சரியாக நிரப்புங்கள். 59 மாதங்களுக்குள் கைரேகை கொடுத்தவர்கள் பொதுவாக மீண்டும் கொடுக்கத் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் நூலோடும் மண்ணோடும் வேலை செய்து ரேகை தேய்ந்த விரல்களுக்கு, அதாவது ரேஷன் கடை இயந்திரத்தில் சிரமப்படும் நம் பெரியவர்களுக்கு, இது பெரிய நிம்மதி.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உருக்கமோ மன்னிப்போ வேண்டாம். என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, அதற்கு ஆதாரம் எது, இப்போது என்ன திட்டம் என்ற வரிசை போதும். நம் தம்பதி எழுதினால், ஆங்கிலத்தில் போக வேண்டிய அந்தப் பத்தியின் சாரம் இப்படி இருக்கும்:

'2024-இல் மியூனிக்கில் வசித்த எங்கள் மகனைப் பார்க்க ஜெர்மன் ஷெங்கன் விசா பெற்றோம். புறப்படும் முன் என் மனைவிக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்ததால் பயணத்தை ரத்து செய்தோம். அந்த விசா பயன்படுத்தப்படவில்லை. மருத்துவமனை வெளியேற்றச் சுருக்கமும், விமான நிறுவனத்தின் ரத்து மின்னஞ்சலும், பணம் திரும்பி வந்த வங்கிப் பதிவும் இணைத்துள்ளோம். எங்கள் மகன் இப்போது ஆம்ஸ்டர்டாமில் பணிபுரிகிறார். அவரது வேலை ஒப்பந்தமும் குடியிருப்புப் பதிவும் இணைப்பில் உள்ளன. ஆகவே இந்த முறை நெதர்லாந்தில் 40 இரவும் பாரிஸில் 4 இரவும் தங்குகிறோம்.'

இதைப் படித்த அதிகாரிக்குத் தன் திரையில் தெரியும் எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும். ஜெர்மன் விசா ஏன் சும்மா கிடந்தது, அழைப்பவரின் ஊர் ஏன் மாறியது, இப்போது ஏன் நெதர்லாந்து என்ற மூன்று கேள்விக்கும் நான்கைந்து வரி போதுமாக இருக்கிறது.

பழைய அழைப்புப் பத்திரத்தை மறுபடி பயன்படுத்த முடியாது. ஜெர்மனியில் இருக்கும் பிள்ளை தன் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் செலவுக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவார். நெதர்லாந்தில் அதற்கென்று வேறு படிவம் இருக்கிறது. அதில் போடும் கையெழுத்துக்கு நகராட்சியில் சான்று பெற வேண்டும். பிரான்ஸில் தங்கவைப்பதற்கான சான்றை நகராட்சி அலுவலகமே தருகிறது. நாடு மாறினால் காகிதமும் மாறும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே அந்த அலுவலகங்களில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கான ஆதாரத்தில் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தறி வியாபாரத்தில் ரொக்கம் அதிகம் புழங்கும். வங்கிக் கணக்கு வறண்டு கிடக்கும். விசா விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு யாரிடமோ கைமாற்று வாங்கி மூன்று லட்சத்தைக் கணக்கில் போடுவது எந்த அதிகாரியையும் ஏமாற்றாது. அதைவிட வருமான வரிக் கணக்கு, உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி. இருந்தால் அதன் சான்று, தறிக்கூடத்தின் மின் கட்டண ரசீது, பட்டா, சிட்டா ஆகியவை உண்மையான ஆதாரம். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி வட்டாரத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. திருத்தணி வட்டாரமே 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது என்பதால், பழைய பத்திரம் தெலுங்கில் இருக்கும் வீடுகளும் உண்டு. தமிழோ தெலுங்கோ, ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் வைக்க வேண்டும். பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே மொழிபெயர்ப்பிலும் வருகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

புதிய திட்டத்தை எப்படிப் போடுவது?

போன முறை மாறியது என்றால், இந்த முறை மாறாத திட்டம் வேண்டும். பத்து நாளில் ஏழு நாடு என்று அடுக்காதீர்கள். உங்கள் வயதுக்கும் முழங்காலுக்கும் ஒத்துவரும் திட்டம் அதிகாரிக்கும் நம்பும்படி இருக்கும். மகன் வீட்டில் தங்கும் நாட்கள், வெளியூர் போகும் நாட்கள், எந்த ரயில், எந்த ஊரில் எத்தனை இரவு என்று நாள்வாரியாக எழுதுங்கள். ஜெர்மனியின் ஹாம் நகரில் ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போக ஆசை இருந்தால் அதையும் திட்டத்தில் சேர்த்து எழுதுங்கள். மனத்தில் ஒன்றும் காகிதத்தில் ஒன்றுமாக இருக்கக் கூடாது.

டிக்கெட் விஷயத்தில் பலர் பயந்து முழுப் பணம் கட்டி வாங்கிவிடுகிறார்கள். விதி கேட்பது போய்த் திரும்பும் முன்பதிவை. விசா வருவதற்கு முன் முழுக் கட்டணம் செலுத்திய டிக்கெட் கட்டாயம் இல்லை. அதற்காகச் சில முகவர்கள் விற்கும் போலி டிக்கெட்டை வாங்கி வைக்காதீர்கள். பி.என்.ஆர். எண்ணைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விமான நிறுவனமோ பதிவு பெற்ற முகவரோ தரும், சில நாள் நிற்கும் உண்மையான முன்பதிவு வேறு; பொய்யாக அச்சடித்த தாள் வேறு. இரண்டாவது போலி ஆவணம் என்ற பிரிவில் சேரும், அந்த மறுப்பு ஐந்து ஆண்டு பின்தொடரும். ஓட்டல் பதிவும் இப்படித்தான். இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யலாம். ஆனால் விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரத்து செய்துவிட்டால், தூதரகம் ஓட்டலைத் தொடர்பு கொள்ளும்போது பதிவே இருக்காது. விசா கைக்கு வந்து, ஊர் திரும்பும் வரை பதிவு உயிரோடு இருக்கட்டும். மாற்ற நேர்ந்தால் அதற்கு ஈடாக வேறு பதிவு கையில் இருக்கட்டும்.

காப்பீட்டை மறந்துவிடுவார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாட்டிலும் செல்லும்படி, தங்கும் நாள் முழுவதும் இருக்க வேண்டும். தேதியை மாற்றினால் காப்பீட்டின் தேதியையும் மாற்றுங்கள்.

இரண்டு கணக்குகளில் கவனம் தேவை. ஒன்று 90 நாள் கணக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் ஷெங்கனில் இருக்கக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இதில் சேரும். மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை மகன் வீட்டில் இருந்தால் 60 நாள் போய்விட்டது. ஜூன் 1 அன்று இன்னொரு நாட்டின் விசாவோடு மறுபடி போனாலும் ஜூன் 30 வரைக்கும்தான் இருக்கலாம். நாடு மாறினாலும் கணக்கு மாறாது. இரண்டு, நுழைவு எண்ணிக்கை. ஒருமுறை நுழையும் விசாவோடு பாரிஸிலிருந்து லண்டனில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு இரண்டு நாள் போய்விட்டால், பிரிட்டன் விசா கையில் இருந்தாலும், பாரிஸுக்குத் திரும்ப முடியாது. ஷெங்கனை விட்டு வெளியே கால் வைத்ததும் அந்த விசா முடிந்தது. லண்டன் திட்டத்தில் இருந்தால் படிவத்திலேயே பலமுறை நுழைவு கேட்டு, காரணத்தையும் எழுதுங்கள்.

திரும்பும் நாளில் விமானம் ரத்தாகி, அனுமதித்த நாள் தாண்டும் நிலை வந்தால், அங்கேயே, காலம் முடிவதற்கு முன்பே, உள்ளூர்க் குடிநுழைவு அலுவலகத்தில் நீட்டிப்பு கேட்க வேண்டும். நம் கையை மீறிய காரணம் அல்லது மனிதாபிமானக் காரணம் என்றால் கட்டணம் இல்லை. இதைச் செய்யாமல் 'விமானம் இல்லை, நான் என்ன செய்வது' என்று இருந்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் அடுத்த விண்ணப்பம் கடினமாகிறது. அப்படி ஏற்கெனவே நேர்ந்திருந்தால், விமான நிறுவனத்தின் ரத்துக் கடிதத்தையும் மாற்று டிக்கெட்டையும் இணைத்து, எத்தனை நாள் கூடியது என்பதை நீங்களே எழுதிவிடுங்கள்.

நேரமும் பணமும். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை ஆகும். பழைய மாற்றம் உள்ளவர்கள் அந்த 45 நாளைக் கணக்கில் வைத்தே புறப்படும் தேதியைக் குறியுங்கள். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் இலவசம், ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் பாதி. விசா மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பாது. திருத்தணியில் மின்சார ரயில் ஏறிச் சென்னையில் விண்ணப்ப மையத்துக்குப் போகிறீர்கள். அங்கே காகிதம் வாங்குபவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. வி.எஃப்.எஸ். போன்ற மையங்கள் வாங்கி அனுப்புகின்றன, முடிவு தூதரகத்துடையது. ஆகவே பழைய மாற்றத்தை மேசையில் இருப்பவரிடம் வாயால் சொல்லிப் பயன் இல்லை. அது கடிதமாகக் கோப்புக்குள் போக வேண்டும். 'இது தேவையில்லை' என்று மையத்தில் சொன்னாலும், சேர்த்துக்கொள்ளும்படி பணிவாகக் கேளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுப்பு வரலாம். 2024-இல் இந்தியாவிலிருந்து பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து மறுக்கப்பட்டன. மறுப்புக் கடிதத்தில் காரணம் கட்டமிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். பயண நோக்கம் தெளிவாக இல்லை, திரும்பி வருவீர்கள் என்பதில் ஐயம், செலவுக்கு ஆதாரம் போதாது என்பவை அடிக்கடி வருபவை. முன்பு மறுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புதிய விண்ணப்பத்தைத் தானாகவே மறுக்கக் கூடாது என்று ஐரோப்பிய விசா விதித்தொகுப்பிலேயே எழுதியிருக்கிறது. எனவே குறிக்கப்பட்ட காரணத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி விண்ணப்பியுங்கள். அதே காகிதங்களை அடுத்த நாட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள். மேல்முறையீடும் உண்டு. அதன் வழியும் காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு வேறு. மறுப்புக் கடிதத்திலேயே அது குறிப்பிடப்பட்டிருக்கும். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் பழைய முறையை எடுத்துவிட்டது. இப்போது ஜெர்மன் விசா மறுக்கப்பட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லினில் உள்ள நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நம் ஊரிலிருந்து போகும் பெற்றோருக்கு முதல் வழிதான் செலவிலும் காலத்திலும் கட்டுப்படியாகும்.